மரீனா பே ஒளிக்காட்சி: எங்கே உட்காருவது, எப்போது போவது

கேள்வி இது: அப்பா அம்மாவோடு சிங்கப்பூரில் மூன்று இரவுகள். ஹோட்டல் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம். மரீனா பேயில் தினமும் இரவு ஒளிக்காட்சி இலவசம் என்று சொல்கிறார்கள், ஆனால் பயண ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று ‘இரவு உலா’ விற்கிறார். நிஜமாகவே இலவசமா? எங்கே நின்று பார்ப்பது? இரண்டு காட்சி உண்டாமே, ஒரே இரவில் முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி.

இலவசம்தான். நுழைவாயில் என்று ஒன்று இருந்தால்தானே சீட்டுக் கிழிப்பதற்கு? இரண்டுமே திறந்தவெளி. ஏஜென்ட் விற்பது காட்சியை அல்ல, வேனையும் அவசரத்தையும். சில வருடங்களுக்கு முன் என் உறவுக்காரர் குடும்பம் அப்படி ஒரு உலாவில் வந்தது. வேன் தாமதம். வந்து இறங்கியபோது காட்சியின் கடைசி மூன்று நிமிடம்தான் மிச்சம். வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி எல்லாரையும் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டார். பார்க்க வந்தது எது என்றே அவர்களுக்குப் புரியவில்லை. அந்தப் பணத்துக்குத் தேக்காவில் மூன்று நாள் சாப்பிட்டிருக்கலாம்.

முதலில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஒன்று மரங்கள். கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) ‘சூப்பர்ட்ரீ’ என்று இரும்பும் கான்கிரீட்டுமாக எழுப்பிய ராட்சத மரங்கள் இருக்கின்றன. மொத்தம் 18, அதில் 12 ஒரே தோப்பாக நிற்கின்றன. உயரம் 25 முதல் 50 மீட்டர் வரை. அந்தத் தோப்பில் தினமும் இரவு 7:45, 8:45 என இரண்டு முறை பாட்டுக்கு ஏற்ப விளக்குகள் ஆடும். இதன் பெயர் ‘கார்டன் ராப்சடி’. இசையை அவ்வப்போது மாற்றுவார்கள்.

இன்னொன்று தண்ணீர். மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைக் கவிழாமல் வைத்தது போல ஒரு கட்டடம் படத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் முன்னால், தண்ணீர் ஓரத்தில் நடப்பது. பெயர் ‘ஸ்பெக்ட்ரா’. நீரூற்று, லேசர், நீர்த்திரையில் விழும் படங்கள் எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். தினமும் 8 மணிக்கும் 9 மணிக்கும். வெள்ளி, சனியில் 10 மணிக்குக் கூடுதலாக ஒன்று. 2017இல் தொடங்கியது இது. அதற்கு முன் இருந்த காட்சி வேறு. யூடியூபில் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து “அந்தப் பாட்டு எங்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. நேரங்களையும் கிளம்புகிற அன்று காலையில் ஒரு முறை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு, சிறப்பு நிகழ்ச்சி என்று சில நாள் மாறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 7:45க்குத் தொடங்கும் மரக்காட்சி முடியும்போது 8 ஆகிவிடும். ஸ்பெக்ட்ரா தொடங்குவதும் 8. அதனால் இந்த இரண்டையும் சேர்க்கவே முடியாது. 8 மணி ஸ்பெக்ட்ராவைப் பார்த்துவிட்டு 8:45க்கு மரத்தடிக்கு ஓடலாம் என்று பல பயணக் குறிப்புகள் சொல்கின்றன. நடுவே அரை மணி இருக்கிறது. இளவட்டங்களுக்குச் சரி. ஆனால் காட்சி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் திரும்பும். நகரும் படி, லிஃப்ட் எல்லாவற்றிலும் வரிசை. முழங்கால் வலியோடு ஒருவரை அந்த நெரிசலில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் 7:45 மரங்கள், பிறகு 9 மணிக்குத் தண்ணீர். நடுவில் முழுதாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் அப்பாவின் முழங்காலுக்கு நீங்கள் தரும் மருந்து.

ஏன் 7:45, இவ்வளவு தாமதம் ஏன் என்று அம்மா கேட்பார். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி மேலே இருக்கிறது. வருடம் முழுக்க சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறையும், கோடை குளிர் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. நிலநடுக்கோட்டு ஊருக்கு ஆறு மணியல்லவா கணக்கு என்றால், ஆமாம், கடிகாரத்தில்தான் விஷயம். ஏற்கெனவே முந்தி ஓடிய கடிகாரத்தை 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால் இந்தியாவைவிட இரண்டரை மணி முந்தி இருக்கிறது. இங்கே அந்தி நீளாது. ஏழேகாலுக்கு வானம் ஊதா, ஏழரைக்கு மை. இந்தக் கால் மணி நேரம் மரத்தோப்பில் இருக்க வேண்டும். ஆகவே ஏழு மணிக்கே அங்கே போய்ச் சேருங்கள்.

வழி சுலபம். தேக்காவில் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் டவுன்டவுன் தடத்தில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரொமனாட், அடுத்தது பேஃபிரண்ட். நான்காவது நிறுத்தம், இடையில் மாறவே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. ஊதா நிறம் வேறு, உங்களுக்கு வேண்டியது நீலம். பேஃபிரண்டில் ‘பி’ வாசல். அங்கிருந்து தரைக்கடியிலேயே தோட்டத்துக்கு நடைவழி உண்டு, லிஃப்டும் உண்டு. நிதானமாக நடந்தால் பத்து, பதினைந்து நிமிடம். தோட்டத்தின் வெளிப்பகுதிக்குக் கட்டணம் கிடையாது. செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடாரங்களுக்கும், மரங்களுக்கு நடுவே 22 மீட்டர் உயரத்தில் தொங்கும் 128 மீட்டர் நடைபாலத்துக்கும்தான் டிக்கெட்.

அந்த நடைபாலத்தில் நின்று ஒளிக்காட்சியைப் பார்த்தால் இன்னும் அழகாக இருக்காதா? இருக்காது. நான் இரண்டும் செய்து பார்த்தவன். மேலே போனால் விளக்குகள் கண் மட்டத்துக்கு வந்துவிடும். மரம் உங்கள் மேல் கவிய வேண்டும், அதற்குக் கீழே இருக்க வேண்டும். உண்மையில் படுக்கவே வேண்டும்.

என் அம்மா முதல் தடவை வந்தபோது “தரையிலயா? பட்டுப்புடவை கட்டிட்டு வந்திருக்கேன்” என்று நின்றார். சுற்றிலும் பார்த்தார். சீனப் பாட்டி ஒருவர் செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் குழந்தையோடு மல்லாந்திருந்தது. அம்மா மெல்ல உட்கார்ந்தார், பிறகு கைப்பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தார். 7:45க்கு விளக்குகள் மொத்தமும் அணைந்தன. ஒரு விநாடி இருட்டு. குழந்தைகள் “ஓ” என்றார்கள். பிறகு வேர்ப்பக்கமிருந்து பச்சை மெதுவாக ஏறியது. தண்டு, கிளை, குடை. குடையின் நுனியில் சிறு விளக்குகள் மின்மினிபோலச் சிதறின. காட்சி முடிந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது வேறு கதை. உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம். தோப்பில் ஓரமாக உட்காரத் திண்டுகள் உண்டு, முன்னதாகப் போனால் கிடைக்கும். ஒரு பழைய துண்டோ போர்வையோ பையில் இருந்தால் நல்லது, மழை பெய்த நாளில் தரை ஈரமாக இருக்கும்.

அந்த மரங்கள் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். தண்டு முழுக்க நிஜச் செடிகள், கொடிகள், பெரணிகள் வளர்கின்றன. சிலவற்றின் உச்சியில் சூரிய மின்தகடுகள். சிலவற்றின் உள்ளே அந்தக் கண்ணாடிக் கூடாரங்களின் காற்றை வெளியேற்றும் குழாய் ஓடுகிறது. தோட்டம் 2012இல் திறந்தபோது மரங்கள் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருந்தன, இப்போது தண்டே தெரியாத அளவு பச்சை போர்த்துவிட்டது.

8 மணிக்குக் காட்சி முடிந்ததும் கூட்டம் எழுந்து ஓடும். நீங்கள் ஓட வேண்டாம். ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். பிறகு வந்த வழியே பேஃபிரண்ட் நிலையத்துக்குத் திரும்பி, அதன் மறுபக்க வாசலில் ஏறினால் நேரே சாண்ட்ஸின் அங்காடி வளாகம். மேலே திறந்தவெளிப் பாலங்களும் இருக்கின்றன, அழகும்தான், ஆனால் வியர்க்கும். உள்ளே ஏசி, சுத்தமான கழிப்பறை, சமதளம். விலையைப் பார்த்து அம்மா தலையைச் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வளாகத்தைக் குறுக்கே கடந்தால் மறுபுறம் கதவு திறந்து தண்ணீர் தெரியும். அங்கே மரப்பலகைப் படிகள் அரைவட்டமாகத் தண்ணீரை நோக்கி இறங்கும். அதுதான் ஈவென்ட் பிளாசா. தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஒளிரும் கண்ணாடி உருண்டை ஒன்று பக்கத்தில் தெரியும்; அதுவும் காட்சியின் பகுதி என்று நினைத்துப் படமெடுக்கிறார்கள், அது ஆப்பிள் கடை.

எட்டரைக்குள் வந்துவிட்டால் இடம் கிடைக்கும். எந்தப் படி? எல்லாரும் முன்வரிசைக்கு ஓடுவார்கள். எனக்கு நடுவரிசைக்குச் சற்று மேலே பிடிக்கும். முன்னால் உட்கார்ந்தால் காற்று நம் பக்கம் திரும்பும்போது சாரல் முகத்தில் அடிக்கும், கைப்பேசி லென்ஸில் பொட்டுப் பொட்டாக விழும், அடுத்த பத்து நிமிடமும் எடுக்கும் படமெல்லாம் மங்கல். அப்பாவுக்கும் கீழ்ப்படி வரை இறங்கி ஏற வேண்டாம். நடுவாக இருப்பது முக்கியம். காரணம் இருக்கிறது. படம் விழுவது திரைச்சீலையில் அல்ல, மேலே பீய்ச்சி விசிறியாக விரிகிற நீர்த்துளிப் படலத்தில். அதை நேர் எதிரே இருந்து பார்த்தால் முகம், பூ என்று தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் போகப் போக வெறும் வெளிச்சப் புகை. “நாங்க பார்த்தப்ப ஒண்ணும் தெரியலையே” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஓரத்தில் நின்றவர்கள்.

சாரல் உதட்டில் பட்டால் ருசித்துப் பாருங்கள். கரிக்காது. அது கடல் இல்லை. அந்த நிலமே கடலைத் தூர்த்து எடுத்ததுதான், விரிகுடாவும் ஒரு காலத்தில் கடல்தான். 2008இல் வாய்ப்பகுதியில் 350 மீட்டர் நீளத்துக்கு மரீனா பேரேஜ் என்ற தடுப்பணையைக் கட்டினார்கள். மழை கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கழுவித் தள்ளி, இன்று அது நன்னீர்த் தேக்கம். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்கிறது, குடிநீராகிறது. அணை வந்த பிறகு கடலின் ஏற்ற இறக்கம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, நீர்மட்டம் ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவு. அந்த வானளாவிகளின் பிம்பம் தண்ணீரில் அத்தனை பக்கத்தில், கலையாமல் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு அண்டா தண்ணீரைத் தழும்பாமல் வைத்த மாதிரி.

காட்சி எப்படி என்று கேட்டால், மரங்கள் தந்த சிலிர்ப்பை ஸ்பெக்ட்ரா எனக்குத் தரவில்லை. ஊரின் கதை, பல இனம் சேர்ந்த நகரம் என்று ஒரு கருத்தோடு போகும். அதைவிட நீரூற்று நிறம் மாறி எழும் இடங்கள்தான் நன்றாக இருக்கும். எதிர்க்கரையில் வங்கிக் கோபுரங்களின் வெளிச்சம் பின்னணி. நம்மூர்த் தேர்த்திருவிழா வாணவேடிக்கையில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் போதாது என்றுகூடத் தோன்றலாம். ஆனாலும் ஒரு முறை பார்க்க வேண்டும். சாண்ட்ஸின் மேலே 57ஆவது மாடிக் காட்சித்தளத்துக்கு டிக்கெட் எடுத்துப் போய் அங்கிருந்து ஸ்பெக்ட்ராவைப் பார்க்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். நகரத்தைப் பார்க்கப் போங்கள், தாராளமாக. இந்தக் காட்சிக்காகப் போகாதீர்கள், உச்சியிலிருந்து நீர்த்திரையைப் பார்த்தால் அது திரையே இல்லை. அந்தப் புகழ்பெற்ற நீச்சல்குளம் ஹோட்டலில் தங்குபவர்களுக்கு மட்டும்.

இரண்டாவது இரவு, உடம்பு ஒத்துழைத்தால், எதிர்க்கரை. இதை நான் முதல் இரவுக்குச் சொல்லமாட்டேன். அருகில் பார்த்துவிட்டுத் தூரத்தில் பார்த்தால்தான் எது என்ன என்று புரியும். லிட்டில் இந்தியாவில் ஊதாத் தடத்தில் ஒரு நிறுத்தம், தோபி காட். அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறி இரண்டாவது நிறுத்தம் ராஃபிள்ஸ் பிளேஸ். ஃபுல்லர்டன் ஹோட்டலைத் தாண்டி, 1928இல் பொதுத் தபால் நிலையமாகக் கட்டிய கட்டடம் அது, சாலையைக் கடந்தால் மெர்லயன் சிலை.

சிங்கத்தலை, மீன் உடம்பு. 8.6 மீட்டர் உயரம், 70 டன். 1972இல் சிங்கப்பூர் ஆற்றின் வாயில் வைத்தார்கள். 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து முன்னால் நின்றதும் சிங்கம் தண்ணீர்ப் பக்கமிருந்து கண்ணுக்கே தெரியாமல் போனது. அதனால் 2002இல் ஏறக்குறைய 120 மீட்டர் நகர்த்தி இன்றைய இடத்தில் நிறுத்தினார்கள். வாயிலிருந்து கொட்டும் தண்ணீரைக் கையில் ஏந்துவது போலப் படம் எடுக்க வரிசையே நிற்கும். நீங்களும் எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊருக்குப் போனால் அம்மா அந்தப் படத்தைத்தான் எல்லாருக்கும் காட்டுவார்.

ஏழரைக்கு அங்கே இருந்தால் 8 மணி ஸ்பெக்ட்ராவைத் தண்ணீருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கலாம். இசை அவ்வளவாகக் கேட்காது, நீர்த்திரைப் படம் புரியாது. ஆனால் மூன்று கோபுரங்களும் தாமரை போன்ற அருங்காட்சியகமும் முழுசாகக் கண்ணில் நிற்கும், லேசர்க் கதிர்கள் இருட்டைக் கிழித்துப் போவது இங்கிருந்துதான் தெரியும். படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கரை. பார்ப்பவர்களுக்கு அந்தக் கரை.

முடிந்ததும் பக்கத்திலேயே ஜூபிலி பாலம். 2015இல் திறந்த, நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம், 220 மீட்டர், படியே கிடையாது. அப்பா தாராளமாக நடக்கலாம். மறுகரையில் எஸ்பிளனேட் கலை அரங்கம். முள்முள்ளாக இருக்கும் கூரையைப் பார்த்து ஊர் மக்கள் டுரியான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் தண்ணீரோர மேடையில் இலவசக் கச்சேரிகள் அடிக்கடி நடக்கும். நவம்பர் வாக்கில் வந்தால் ‘கலா உத்சவம்’ என்ற இந்தியக் கலைவிழாவும் அங்கேதான். ஜூலையில் வருகிறவர்களுக்கு ஒரு ரகசியம்: விழா மரீனா பே பக்கம் நடக்கிற வருடங்களில், ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும், அதில் வாணவேடிக்கையும் உண்டு. டிக்கெட் இல்லாதவர்களும் கரையில் நின்று பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் பலர் தேசிய தினத்தைவிட அந்த ஒத்திகைக்குத்தான் வருவார்கள், கூட்டம் குறைவு.

மூன்றாவது இரவை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். மழைக்கு. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், மற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை. இடி மின்னல் என்றால் காட்சியை நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்தால் அன்று தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு மறுநாள் போங்கள். இலவசத்தின் வசதியே அதுதான், வாங்கின டிக்கெட் வீணாகிறதே என்று நனைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

கைப்பேசி பற்றி ஒன்று. இரவுப் பயன்முறையில் மூன்று விநாடி திறந்து வைத்துப் படம் பிடித்தால் ஓடும் தண்ணீர் பஞ்சாகிவிடும். வீடியோ எடுங்கள். திரையில் விளக்கின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். இல்லாவிட்டால் பச்சை, சிவப்பு எல்லாம் வெள்ளைத் திட்டாக வெந்துபோகும். ஃபிளாஷை அணையுங்கள், அது 50 மீட்டர் மரத்தை எட்டாது, முன்னால் இருப்பவரின் முதுகைத்தான் காட்டும். ஐபேடைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் மாமாக்களில் ஒருவராக ஆகாதீர்கள்.

திரும்பும்போது 9 மணிக் காட்சி முடிந்ததும் டாக்சி வரிசை நீளும். ரயிலே மேல். நள்ளிரவை ஒட்டி வரை ஓடுகிறது, கூட்டம் பத்து நிமிடத்தில் கரைந்துவிடும், அதுவரை படியிலேயே உட்கார்ந்திருங்கள். பத்து மணிக்குத் தேக்காவில் இறங்கினால் இட்லி சுடச்சுடக் கிடைக்கும் கடைகள் திறந்திருக்கும். பசி பொறுக்காது என்று அம்மா ரயிலிலேயே கைப்பையிலிருந்து முறுக்கை எடுக்க விடாதீர்கள். நிலையத்துக்குள்ளும் ரயிலிலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். தண்ணீர் ஒரு மடக்கும் சேர்த்துத்தான். நான்கே நிறுத்தம், தாங்கும்.